விலகியவர் பெயரும் விழுந்த வாக்கும்



தேர்தல் முடிந்தால் வென்றவரைப் பற்றிப் பேசுகிறோம், தோற்றவரைப் பற்றிப் பேசுகிறோம். நடுவில் ஒதுங்கிக்கொண்டவரைப் பற்றி இரண்டு நாள் செய்தி வரும், பிறகு யாரும் நினைப்பதில்லை. இன்று நான் அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவின் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு, தன்னைப் போன்ற இன்னொரு பழமைவாதிக்கு வழிவிட்டு விலகிய வேட்பாளர். இப்படிப்பட்ட விலகல்கள் அந்த நாட்டில் பல நடந்திருக்கின்றன. நான் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நியூயார்க் மாநிலத்தின் வடகோடி. மற்றொன்று அலாஸ்கா.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் விலகுவது, யார் நிற்பது என்பதை வாக்காளர்கள் ஒருமுறையாவது அளந்து காட்டிய பிறகு, வாக்குச்சீட்டு அச்சாவதற்கு முன்னால் நடக்கிற விலகல்தான் முறையானது, பலன் தருவதும் அதுதான். தலைவர்கள் கூடி ஒருவரைத் திணிப்பதும், பிறகு அவரை நெருக்கி வெளியேற்றுவதும், காலம் கடந்த பின் கைகுலுக்குவதும் அவர்கள் ஜெயிக்கவைக்க நினைத்த ஆளையே கவிழ்த்துவிடுகின்றன. இது என் விருப்பத்தால் வந்த முடிவு அல்ல. எண்ணிக்கைகளைப் பார்த்து வந்தது. அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

2009ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். நியூயார்க் என்றதும் நமக்கு வானளாவிய கட்டடங்கள்தான் கண்ணில் நிற்கும். அந்த மாநிலத்தின் 23ஆவது தொகுதி அப்போது கனடா எல்லையை ஒட்டி, ஒன்டாரியோ ஏரிக் கரையிலிருந்து சாம்ப்ளெய்ன் ஏரி வரை விரிந்து கிடந்தது. நடுவில் அடிரோண்டாக் மலைத்தொடர். பால் பண்ணைகள், சிறு நகரங்கள், சிறைச்சாலைகள், ஃபோர்ட் டிரம் என்கிற பெரிய ராணுவத் தளம். ஊர் மக்கள் அந்தப் பகுதியை ‘நார்த் கன்ட்ரி’ என்கிறார்கள். அதன் பெரும்பகுதி நூறாண்டுக்கும் மேலாகக் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அங்கே 1993 முதல் உறுப்பினராக இருந்த ஜான் மக்ஹியூவை, அதிபர் ஒபாமா ராணுவத் துறைச் செயலராக அழைத்துக்கொண்டார். ஜனநாயகக் கட்சி அதிபர் குடியரசுக் கட்சிக்காரரை அழைத்தார், இடம் காலியானது. இடைத்தேர்தல் நவம்பர் 3 என்று முடிவானது.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரைப் பொதுவாக அந்தக் கட்சியின் வாக்காளர்களே பிரைமரி எனப்படும் முதல்நிலைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் இடைத்தேர்தலுக்கு அது கிடையாது. தொகுதிக்குள் வரும் 11 கவுன்டிகளின், அதாவது மாவட்டங்களின், கட்சித் தலைவர்கள் கூடிப் பேசி ஒருவரை நிறுத்துவார்கள். குடியரசுக் கட்சியின் தலைவர்கள் டீடி ஸ்கோஸஃபாவா என்ற பெண்மணியை நிறுத்தினார்கள். கூவனூர் என்ற சிற்றூரின் மேயராக இருந்து, பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். உள்ளூரில் நல்ல பெயர். ஆனால் கருக்கலைப்பு உரிமையையும் ஒருபாலினத் திருமணத்தையும் ஆதரித்தவர். கட்சியின் பழமைவாதப் பிரிவுக்கு இவை இரண்டும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயங்கள்.

அதே வாய்ப்பைக் கேட்டு வந்தவர்களில் டக் ஹாஃப்மன் என்ற கணக்காளரும் ஒருவர். அவரைத் தலைவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் வேட்பாளராகக் களத்துக்கு வந்துவிட்டார். இந்தக் கட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962இல் நியூயார்க்கில் மட்டும் தோன்றிய சிறிய கட்சி. அந்த மாநிலச் சட்டப்படி ஒரே வேட்பாளர் இரண்டு, மூன்று கட்சிகளின் பெயரில் நிற்கலாம். எல்லா வரிசைகளிலும் விழுந்த வாக்குகளைக் கூட்டி எண்ணுவார்கள். ஆகவே கன்சர்வேட்டிவ் கட்சி பெரும்பாலும் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கே தன் வரிசையைக் கொடுத்துவிடும். பிடிக்காத ஆள் வந்தால் தனியாக ஆளை நிறுத்தும். 1970இல் ஜேம்ஸ் பக்லி இந்தக் கட்சியின் வரிசையில் நின்றே செனட்டர் ஆனார். சிறிய கட்சிதான், ஆனால் அதன் கையில் எப்போதும் ஒரு தராசு இருந்தது.

அக்டோபரில் ஒரு தொகுதியின் சண்டை நாட்டின் சண்டையாகிவிட்டது. குடியரசுக் கட்சியின் முன்னாள் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் தன் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை விட்டுவிட்டு ஹாஃப்மனை ஆதரித்தார். கட்சியில் பெயர்பெற்ற ஃபிரெட் தாம்சனும் ஸ்டீவ் ஃபோர்ப்ஸும் ஹாஃப்மன் பக்கம் நின்றார்கள். கட்சித் தலைமையும் பிரதிநிதிகள் அவையின் முன்னாள் தலைவர் நியூட் கிங்ரிச்சும் ஸ்கோஸஃபாவா பக்கம் நின்றார்கள். கட்சி லட்சக்கணக்கான டாலரை அவருக்காகச் செலவிட்டது. வெளியிலிருந்து வந்த விளம்பரங்களோ அவரைப் போலிக் குடியரசுக் கட்சிக்காரர் என்று நாள்தோறும் தூற்றின. வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது சியனா கல்லூரியின் கருத்துக்கணிப்பு வந்தது: ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸ் 36 சதவீதம், ஹாஃப்மன் 35, ஸ்கோஸஃபாவா 20. அன்று, அக்டோபர் 31 சனிக்கிழமை, ஸ்கோஸஃபாவா பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார்.

பழமைவாதிகளுக்குக் கொண்டாட்டம். கிங்ரிச் உடனே ஹாஃப்மன் பக்கம் வந்துவிட்டார். ஒரு நாள்தான் அந்த மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஸ்கோஸஃபாவா தன் ஆதரவைப் பில் ஓவன்ஸுக்குக் கொடுத்தார். மறுநாள் துணை அதிபர் ஜோ பைடன் வாட்டர்டவுனுக்கு வந்து பேசினார். செவ்வாயன்று ஓவன்ஸ் வென்றார். ஓவன்ஸுக்கு 48.3 சதவீதம், ஹாஃப்மனுக்கு 46. விலகிவிட்ட ஸ்கோஸஃபாவாவுக்கு 5.7 சதவீதம், அதாவது எட்டாயிரத்து ஐந்நூறு வாக்குகளுக்கு மேல். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். அவர் விலகினார் என்பது தெரிந்தும் அவர் பெயருக்குப் போட்டவர்கள் உண்டு. தபாலில் முன்கூட்டியே வாக்கை அனுப்பிவிட்டவர்களும் உண்டு.

ஹாஃப்மன் அன்றிரவே தோல்வியை ஏற்றுக்கொண்டார். பிறகு மறுபார்வையில் இடைவெளி குறைவது தெரிந்ததும் ஏற்றதைத் திரும்பப் பெற்றார். கடைசியில் மீண்டும் ஏற்றார். அதற்குள் ஓவன்ஸ் பதவியேற்றுவிட்டார், நவம்பர் 6 அன்று. அடுத்த நாள் சனிக்கிழமை இரவு, சுகாதாரச் சீர்திருத்த மசோதா பிரதிநிதிகள் அவையில் 220க்கு 215 என்ற கணக்கில் நிறைவேறியது. அதில் ஓவன்ஸின் வாக்கும் ஒன்று. எந்த மசோதாவைத் தடுக்க வேண்டும் என்று பழமைவாதிகள் நாடு முழுதும் வரிந்து கட்டினார்களோ, அதற்கு அவர்களுடைய பழைய கோட்டையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

இதில் ஹாஃப்மனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கொள்கையில் தெளிவாக நின்றவர். ஸ்கோஸஃபாவாவையும் குறை சொல்ல மாட்டேன். தவறு அந்த 11 பேரின் அறையில் தொடங்கியது. வாக்காளரிடம் கேட்காமல் ஒருவரை நிறுத்தினார்கள். ஆகவே யாருக்குக் கூட்டம் அதிகம் என்பதை அளக்கக் கருத்துக்கணிப்பைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. இரண்டாவது தவறு, விலகச் சொன்னவர்கள் விலகுகிறவரை நடத்திய விதம். ஒருவரை வாரக்கணக்கில் துரோகி என்று ஏசிவிட்டு, அவர் விலகிய பின் அவருடைய வாக்கு நமக்கு வரும் என்று எதிர்பார்க்க என்ன நியாயம்? ஒதுங்கிப்போகிறவருக்குத் தன்மானம் இருக்கிறது. அவரை நம்பி நின்றவர்களுக்கு அது அவரைவிட அதிகமாகவே இருக்கும்.

அடுத்த ஆண்டு, 2010. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தலைப்புக்குச் சரியாகப் பொருந்தும் கதை இது.

ஒபாமாவுக்கு எதிரான அலை நாடெங்கும் எழும்பிய ஆண்டு. நவம்பரில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் அவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடிக்கப் போகிறது. நார்த் கன்ட்ரியில் ஹாஃப்மன் மறுபடி வந்தார். இம்முறை பிரைமரி உண்டு. எதிரே மேட் டோஹெனி என்ற முதலீட்டுத் துறைக்காரர். செப்டம்பர் 14 அன்று குடியரசுக் கட்சி வாக்காளர்கள் குறுகிய வித்தியாசத்தில் டோஹெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சியின் வரிசை ஏற்கெனவே ஹாஃப்மனிடம் இருந்தது. முந்தைய ஆண்டின் மும்முனைப் போட்டி திரும்பிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும். மூன்று வாரம் போனது. அக்டோபர் தொடக்கத்தில் ஹாஃப்மன் போட்டியிலிருந்து விலகினார். டோஹெனியை ஆதரிக்கச் சொன்னார். கொள்கையில் தங்களுக்குள் பெரிய பேதமில்லை, வாக்கு பிரிந்தால் ஓவன்ஸுக்குத்தான் லாபம் என்பது அவருடைய கணக்கு. சரியான கணக்குதான்.

ஆனால் நியூயார்க் சட்டம் அதை ஏற்கவில்லை. அந்த மாநிலத்தில் ஒரு கட்சியின் வரிசையில் பெயர் உறுதியாகிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். இறந்தால் எடுக்கலாம். மாநிலத்தை விட்டுக் குடிபெயர்ந்து தகுதி இழந்தால் எடுக்கலாம். நீதிபதி பதவி போன்ற வேறொன்றுக்கு வேட்பாளராக நிறுத்தப்பட்டால் எடுக்கலாம். மனம் மாறியது என்பது காரணமாகாது. நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே நிலைதான். மனு வாபஸ் பெறும் கடைசி நாள் மாலை 3 மணி தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு மேடையில் எத்தனை முறை விலகுகிறேன் என்றாலும் பெயரும் சின்னமும் இயந்திரத்தில் இருக்கும். நம்மிடம் அந்தக் கெடு பிரசாரம் சூடு பிடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. எல்லாருக்கும் தெரிந்த தேதி. நியூயார்க்கில் பிரைமரி செப்டம்பர் நடுவில், பொதுத்தேர்தல் நவம்பர் தொடக்கத்தில். தோற்றவர் யோசித்து முடிவெடுக்கும்போது கதவு சாத்தியாயிற்று.

அந்த ஆண்டின் வாக்குச்சீட்டைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பாருங்கள். நெம்புகோலை இழுக்கும் பழைய இயந்திரங்களை நியூயார்க் அந்த ஆண்டுதான் மாநிலம் முழுக்க ஒதுக்கிவைத்தது. புதிதாக வந்தது, பேனாவால் முட்டை வடிவக் கட்டத்தைக் கருக்கி, வருடும் கருவிக்குள் செலுத்தும் காகிதம். கட்சிகளுக்கு ஒவ்வொரு வரிசை. ஜனநாயகக் கட்சி வரிசையில் ஓவன்ஸ். குடியரசுக் கட்சி வரிசையில் டோஹெனி. கன்சர்வேட்டிவ் வரிசையில் டக் ஹாஃப்மன். ஆண்டாண்டாகக் கன்சர்வேட்டிவ் வரிசையையே மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ கருக்கிப் பழகிய முதியவர் ஒருவர் அங்கே நிற்கிறார். கவர்னருக்கு, செனட்டருக்கு, அடுத்து பிரதிநிதிகள் அவைக்கு. ஹாஃப்மன் விலகியதை அவர் உள்ளூர்ச் செய்தியில் படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். சீட்டில் அதற்கு அடையாளம் எதுவுமில்லை. பெயர் கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கிறது. கருக்குகிறார்.

அப்படிக் கருக்கியவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல். ஓவன்ஸ் 82 ஆயிரம் சொச்சம், டோஹெனி 80 ஆயிரம் சொச்சம். இடைவெளி ஏறக்குறைய இரண்டாயிரம். ஹாஃப்மனுக்குப் போட்ட எல்லாரும் டோஹெனிக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எல்லாரும் தேவையும் இல்லை. பத்தில் ஆறு பேர் வந்திருந்தால் போதும். நாடெங்கும் குடியரசுக் கட்சி வாரிக்கொண்டு போன அந்த ஆண்டில், பழமைவாதிகளுக்கு வாக்கு அதிகமாக இருந்த ஒரு தொகுதி மீண்டும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

விலகிய வேட்பாளர் முழு மனதோடு விலகினார், ஆதரவைத் திறந்த மனதோடு கொடுத்தார். யாரும் அவரை ஏசி வெளியேற்றவில்லை. வாக்காளர்கள் பிரைமரியில் அளந்தும் காட்டிவிட்டார்கள். 2009இன் இரண்டு தவறுகளும் இங்கே இல்லை. காலம் மட்டும் தவறியது. அது ஒன்று போதுமானதாக இருந்தது.

பெயர் நீங்காத இந்தச் சங்கடம் பழமைவாதிகளுக்கு மட்டும் உரியதல்ல. 2018இல் நியூயார்க் நகரில் ஜோ கிரௌலி என்ற பெரிய ஜனநாயகக் கட்சித் தலைவர், அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸிடம் பிரைமரியில் தோற்றார். ஆனால் வொர்க்கிங் ஃபேமிலீஸ் கட்சியின் வரிசையில் அவர் பெயர் நவம்பர் வரை இருந்தது. அங்கே தொகுதி ஒருபக்கமாகவே சாய்ந்திருந்ததால் பாதிப்பு இல்லை. சட்டம் அதே சட்டம்தான்.

நார்த் கன்ட்ரிக்கே திரும்புவோம். அதன் மூன்றாவது காட்சியை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன். 2012இல் டோஹெனி மறுபடி நின்று மறுபடி குறைந்த வித்தியாசத்தில் ஓவன்ஸிடம் தோற்றார். 2014இல் ஓவன்ஸ் இனிப் போட்டியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். டோஹெனிக்கு இது மூன்றாவது முயற்சி. எதிரே எலிஸ் ஸ்டெஃபானிக், முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த புதுமுகம். பிரைமரியில் ஸ்டெஃபானிக் வென்றார். டோஹெனியின் கையில் இன்டிபென்டென்ஸ் என்ற வேறொரு சிறிய கட்சியின் வரிசை இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன் ஹாஃப்மன் நின்ற அதே இடத்தில் இப்போது அவர். அவர் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஸ்டெஃபானிக்கை ஆதரித்தார். நவம்பரில் ஸ்டெஃபானிக்கின் பெயர் குடியரசு, கன்சர்வேட்டிவ், இன்டிபென்டென்ஸ் என்ற மூன்று வரிசைகளிலும் இருந்தது. 55 சதவீதம் பெற்றார். அன்றுவரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களில் வயதில் மிக இளையவர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

கவனியுங்கள், 2014இல் பிரைமரி ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது. தோற்றவருக்கு யோசிக்க நேரம் இருந்தது, கட்சிக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருந்தது. இன்னொருவர் விலகியும் பெயர் நீங்காததால் 2010இல் அடிபட்டவர் டோஹெனி. அவர் கற்ற பாடம் அடுத்தவருக்குப் பயன்பட்டது. பொதுவாழ்வில் இதைச் சாதாரணமாக எண்ண என்னால் முடியவில்லை.

இனி அலாஸ்கா. மாநிலம் முழுவதற்கும் பிரதிநிதிகள் அவையில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் டான் யங் 49 ஆண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே வந்த விதமே நம் பேச்சுக்குத் தொடர்புடையது. 1972 அக்டோபரில் அந்த இடத்தின் உறுப்பினரான ஜனநாயகக் கட்சியின் நிக் பெகிச் பயணம் செய்த விமானம் காணாமல் போனது. அவையின் பெரும்பான்மைத் தலைவர் ஹேல் பாக்ஸும் அதில் இருந்தார். தேடியும் கிடைக்கவில்லை. பெகிச்சின் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. அலாஸ்கா மக்கள் நவம்பரில் காணாமல் போனவரையே தேர்ந்தெடுத்தார்கள்; அன்று தோற்றவர் டான் யங். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில்தான் யங் வென்றார். சீட்டில் அச்சான பெயருக்கு இருக்கும் பலத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஊரும் காட்டியதில்லை.

2022 மார்ச்சில் யங் இறந்தார். அதற்குள் அலாஸ்கா தேர்தல் முறையை மாற்றியிருந்தது. 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற முறை இது: எல்லாக் கட்சியினரும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், முதல் நால்வர் பொதுத்தேர்தலுக்குப் போவார்கள், அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை கொடுப்பார். நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் உறுப்பினர்கள் செய்வதைப் போல. ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவர் நீங்குவார். அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இந்த முறை வந்துவிட்டால் யாரும் யாருக்காகவும் விலகத் தேவையில்லை, வாக்கு பிரியும் என்ற பயமே இருக்காது என்று அதைக் கொண்டுவந்தவர்கள் நம்பினார்கள். நல்ல நம்பிக்கைதான். நடந்ததைப் பாருங்கள்.

2022 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மூவர்: ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியின் சாரா பேலின், அதே கட்சியின் நிக் பெகிச். இந்தப் பெகிச் 1972இல் காணாமல் போனவரின் பேரன். தாத்தா ஜனநாயகக் கட்சி, பேரன் குடியரசுக் கட்சி. முதல் சுற்றில் பெல்டோலா 40 சதவீதம், பேலின் 31, பெகிச் 28 சொச்சம். இரண்டு பழமைவாதிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 சதவீதம். பெகிச் நீங்கினார். அவருக்குப் போட்டவர்களில் பாதிப் பேர்தான் பேலினை இரண்டாவதாகக் குறித்திருந்தார்கள். பத்தில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெல்டோலாவைக் குறித்தார்கள். மீதிப் பேர், 11 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெகிச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பெல்டோலா ஐயாயிரம் வாக்குக்குச் சற்று மேல் வித்தியாசத்தில் வென்றார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்த முதல் அலாஸ்கா பூர்வகுடி என்ற பெருமை அவருக்கு. நவம்பரிலும் அவரே வென்றார். அதற்கு முன் பேலின் பெகிச்சை விலகச் சொன்னார். பெகிச் மறுத்தார். இருவரும் ஒருவரையொருவர் தாக்கியதில்தான் பிரசாரம் கழிந்தது. வாக்காளர் தம் தலைவர் ஏசுகிறவருக்கு இரண்டாம் இடம் கொடுக்க மாட்டார். எந்த இயந்திரமும் அதை மாற்றாது.

2024இல் பெகிச் திரும்பினார். பேலின் இல்லை. மாநிலத் துணை ஆளுநர் நான்சி டால்ஸ்ட்ராம் களத்தில் இருந்தார். அவருக்கு டிரம்பின் ஆதரவு, அவைத் தலைவர் மைக் ஜான்சனின் ஆதரவு. பெகிச்சுக்கு அவை இல்லை. ஆனால் பெகிச் ஒன்று செய்தார், அதை நான் இந்தச் சொற்பொழிவின் மையமாக வைக்கிறேன். பிரைமரிக்கு முன்பே அவர் அறிவித்தார்: டால்ஸ்ட்ராமுக்குப் பின்னால் வந்தால் நான் விலகிவிடுவேன். டால்ஸ்ட்ராம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20 பிரைமரி. பெல்டோலாவுக்குப் பாதிக்குச் சற்று மேல். பெகிச்சுக்கு ஏறக்குறைய 27 சதவீதம். டால்ஸ்ட்ராமுக்கு ஏறக்குறைய 20. மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, டால்ஸ்ட்ராம் விலகினார். வாக்குறுதி கொடுத்தவருக்கு அதை நிறைவேற்றும் தேவை வரவில்லை, கொடுக்காதவர் நிறைவேற்றினார். பெரிய பெயர்களின் ஆதரவு தன் பக்கம் இருந்தும், வாக்காளரின் அளவை எதிர்ப் பக்கம் போனதும் ஒதுங்கினாரே, அதற்கு நான் தலைவணங்குகிறேன். பின்னர் டிரம்பும் பெகிச்சை ஆதரித்தார்.

அலாஸ்கா சட்டம் இங்கே உதவியது. தேர்தலுக்கு 64 நாளுக்கு முன் விலகினால் பெயர் சீட்டிலிருந்து நீங்கும். அடுத்த இடத்தில் இருப்பவர் மேலே வருவார். டால்ஸ்ட்ராமின் பெயர் நீங்கியது. அரை சதவீதம் சொச்சம் வாக்கு வாங்கிய இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரும் விலகினார். அதனால் கீழே இருந்தவர்கள் மேலே வந்தார்கள். அவர்களில் ஒருவர் எரிக் ஹாஃப்னர். ஜனநாயகக் கட்சிக்காரர் என்று பதிந்தவர், அலாஸ்காவில் வாழ்ந்ததே இல்லை, நியூயார்க்கில் மத்திய அரசின் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அவர் பெயரை நீக்கக் கோரி ஜனநாயகக் கட்சி நீதிமன்றம் போனது. மாநில உச்ச நீதிமன்றம்வரை போயும் நடக்கவில்லை. ஒரு பக்கத்தின் விலகல் மறுபக்கத்தின் சீட்டில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டது. இந்த முறையில் இருக்கும் ஓட்டை இது. பழமைவாதிகள் ஜெயித்ததால் நான் அதை மறைக்க மாட்டேன்.

நவம்பரில் முதல் சுற்றில் பெகிச் 48.4 சதவீதம், பெல்டோலா 46.4. மற்ற இருவரும் நீங்கிய பின் 51.2க்கு 48.8 என்று பெகிச் வென்றார். ஏறத்தாழ எட்டாயிரம் வாக்கு. டால்ஸ்ட்ராம் சீட்டில் இருந்திருந்தால்? அதிபர் தேர்தல் நடந்த ஆண்டு, டிரம்ப் அலாஸ்காவில் பெரிய வித்தியாசத்தில் வென்றார், ஆகவே பெகிச் எப்படியும் வென்றிருப்பார் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் 2022இன் அந்த 11 ஆயிரம் வெற்றுக் கட்டங்களைப் பார்க்கிறேன். அவற்றில் ஒரு பகுதி திரும்பியிருந்தாலும் எட்டாயிரம் என்பது கரைந்துபோகக்கூடிய எண்தான். விருப்ப வரிசை முறை விலகலின் தேவையைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்கவில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. பிரைமரியில் வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். நவம்பரில் மூன்று லட்சத்துக்கு மேல். ஆகஸ்டில் வந்த சிறுகூட்டம் அளந்ததை வைத்து, நவம்பரில் வரப்போகிற பெருங்கூட்டத்தின் ஒரு தேர்வை எடுத்துவிடலாமா? டால்ஸ்ட்ராமுக்குப் போட நினைத்திருந்த ஒருவருக்கு என்ன பதில்? என் பதில் இதுதான். அளவை சிறியதுதான். ஆனால் அது வாக்காளரின் அளவை. 2009இல் 11 பேர் அளந்ததோடு, அல்லது அதிபரின் ஓர் அறிக்கை அளப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் வராதவரும் வந்திருக்கலாம், கதவு அவருக்குத் திறந்திருந்தது. அறைக்குள் நடக்கும் அளவைக்கு அவரை யாரும் அழைக்கவே மாட்டார்கள். பிரைமரியில் கூட்டம் சேர்க்க வழி தேட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பிரைமரி சொன்னதை மதித்து விலகியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாக்கு வேட்பாளரின் சொத்து அல்ல. அவர் எழுதிக்கொடுத்தால் கைமாறும் நிலம்போல அது இல்லை. ஹாஃப்மன் சொல்லியும் பத்தாயிரம் பேர் அவருக்கே போட்டார்கள், ஸ்கோஸஃபாவா விலகியும் எட்டாயிரம் பேர் அவர் பெயரில் நின்றார்கள், பெகிச்சின் ஆட்களில் பாதிப் பேர் பேலினை ஏற்கவில்லை. ஆகவே விலகும் வேட்பாளர் அறிக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் வேலை முடியாது. அவர் ஊர் ஊராகப் போய், என்னை நம்பியவர்களே, என்ன காரணத்தால் இவரை நம்பச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். மூன்று நாளில் அது நடக்காது, மூன்று வாரத்திலும் சிரமம்.

அலாஸ்கா அந்தக் காலத்தைச் சட்டத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த மாநிலத்தில் இந்த முறையையே ஒழிக்க 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில்தான் முறை பிழைத்தது. அங்கே வாதம் ஓயவில்லை. நியூயார்க்கின் பிரைமரியோ இப்போது ஜூன் மாதத்தில் நடக்கிறது. பொதுத்தேர்தலுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளி. செப்டம்பர் பிரைமரி இருந்த காலத்தின் கெடுபிடி இனி அவசியமில்லை. பிரைமரியில் தோற்ற எவரும், வேறு கட்சியின் வரிசையில் பெயர் இருந்தாலும், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் கேட்டால் அந்தப் பெயர் நீங்க வேண்டும், அந்தக் கட்சி விரும்பினால் வேறொருவரைப் போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தால் போதும். வேட்பாளர்கள் பிரைமரிக்கு முன்பே பெகிச் சொன்னதைப்போலத் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், அதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. இந்த இரண்டையும் நான் எந்தக் கட்சிக்காகவும் கேட்கவில்லை. 2010இல் அந்தப் பத்தாயிரம் பேர் கருக்கிய கட்டத்தில், போட்டியில் இல்லாத ஒருவரின் பெயர் இருந்தது. அவர்களுக்கு உயிருள்ள தேர்வு ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.